முதல் காணா நோய்

நோயைத் தீர்க்கப் புகுவோன் முதலில் நோய் இன்னதென அறிதல் வேண்டும். அடுத்து அதன் காரணத்தை அறிதல் வேண்டும். அதன் பின்னரே தணிக்கும் வழியைத் தேடுதல் வேண்டும். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே வகுத்த இவ்வொழுங்கை எமது கல்லூரியிலே தமிழ் கற்றோர் யாவரும் அறிவர். மேல்நாட்டு மருத்துவமும் இதனையே போற்றி வந்துள்ளது. 1882 ஆம் ஆண்டிலே றொபேட் கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் காசநோய்க் கிருமியைக் கண்டு உலகுக்குக் காட்டியதன் பின்னர், நோய்தோறும் அதற்குரிய கிருமியைத் தேடிப் பிடித்தலே மருத்துவ விஞ்ஞானத்தின் பெருவேட்டையாயிற்று. அவ்வேட்டையிலே அகப்படாத கிருமி மிகச் சிலவே எனலாம். ஆயினும், குழந்தைகளைப் பற்றி அவர்தம் இருதயத்தின் நாடிகளைச் சிதைக்கும் நோயொன்று உண்டு. அதனை இனங்காணும் முறை உண்டு. தணிக்கும் மருந்தும் உண்டு. இடையிலே நிற்க வேண்டிய காரணம் மாத்திரம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அகப்படவில்லை. கவாசாக்கி நோய் என்பது அதன் பெயர்.

விழா மலருக்குக் கல்லூரிக்கால நினைவுகளை எழுதித் தருமாறே மலராசிரியர் எம்மைக் கேட்டார். அவற்றை எழுத எம்மினும் மூத்த பழைய மாணவர் பலர் உளர். எமது இல்லத்தை இரண்டு வாரம் கலக்கிய இந்நோயைப் பற்றி எழுதுதல் பேரப்பிள்ளைகளை உடைய எம்போன்றோர்க்கும், நாளை மருத்துவம் கற்கப் போகும் மாணவர்க்கும் கூடிய பயன் தரும் என எண்ணினோம். நாம் வைத்தியரல்லோம். கல்லூரி ஆய்வுகூடத்திலே நுணுக்குக்காட்டியின் கீழே வெங்காயத் தோலைப் பார்த்ததோடு எமது உயிரியற் கல்வி நின்றுவிட்டது. எனவே இங்கே கூறுவன யாவும் கேட்டும் வாசித்தும் அறிந்தவையே.

1961 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, யப்பானின் தலைநகராகிய தோக்கியோவிலுள்ள செஞ்சிலுவைச் சங்க வைத்தியசாலைக்கு நான்கு வயதுச் சிறுவனொருவன் கொண்டுவரப்பட்டான். அவனை நோக்கிய குழந்தை வைத்தியர் தொமிசாக்கு கவாசாக்கி என்பவர். விடாத காய்ச்சல், பீளையின்றிச் சிவந்த கண்கள், வெடித்துச் சிவந்த உதடுகள், உடலெங்கும் செந்தடிப்பு, வீங்கிச் சிவந்த உள்ளங்கையும் உள்ளங்காலும், கழுத்திலே திரண்ட நிணநீர்க்கணு. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பல நோய்களில் வருவன. இவை யாவும் ஒருங்கே கூடிய நோயொன்றினை அவர் கற்ற நூல்களிலே காணவில்லை. சிறுவன் தானாகவே குணமடைந்து வீடு சென்றான். பெயரறியாத நோய் என்று எழுதி வைத்துவிட்டு வேறொருவர் மறந்திருப்பர். கவாசாக்கி மறக்கவில்லை. அடுத்த ஆண்டு மற்றொரு குழந்தையிடம் அதே குறிகளைக் கண்டார், பின்னும் கண்டார். சக வைத்தியர்கள் இஃது அறிந்த நோய்களுள் ஏதோவொன்றன் திரிபு என்று கூறி ஒதுக்கினர். அவரோ தாம் கண்டவற்றைக் குறித்துக்கொண்டே வந்து, 1967 ஆம் ஆண்டிலே ஐம்பது குழந்தைகளின் வரலாற்றை யப்பானிய மொழியிலே விரிவாக வெளியிட்டார். அதே நோய் ஆங்கிலத்திலே உலகறிய வெளிவந்தது 1974 ஆம் ஆண்டிலேதான். இடையிலே ஹவாய்த் தீவிலும் மரியன் மெலிஷ் முதலிய வைத்தியர்கள், தோக்கியோவிலே நிகழ்ந்தது இன்னதென அறியாமலே, இதே நோயைத் தம் குழந்தைகளிடம் கண்டிருந்தனர்.

தொடக்கத்திலே கவாசாக்கி இதனைத் தானே தணியும் நோய் என்றே கருதினார். அக்கருத்தை மாற்றியது பிணவறை. குணமடைந்து வருவதாகத் தோன்றிய குழந்தைகள் சிலர் திடீரென இறந்தனர். அவர்களின் இருதயத்தைத் திறந்து நோக்கியபோது, இருதயத் தசைக்குக் குருதி ஊட்டும் முடியுரு நாடிகள் சுவர் நைந்து, மணிமணியாகப் புடைத்து, அப்புடைப்பினுள்ளே குருதி உறைந்து கிடக்கக் கண்டனர். முதியோரின் மாரடைப்பைப் போன்றதோர் இறப்பு, பாலகரிடம்! 1970 ஆம் ஆண்டிலே யப்பான் முழுவதிலும் நடத்திய கணக்கெடுப்பு இவ்வுண்மையை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு இந்நாடிகள் கெடும் என்பது பின்னர்த் தெளிந்த கணக்கு.

இது புதிய நோயோ, பழைய நோயோ என்பதும் ஒரு கேள்வி. 1871 ஆம் ஆண்டிலே இலண்டனில் சாமுவேல் கீ என்னும் வைத்தியர், இறந்துபோன ஏழு வயதுச் சிறுவனொருவனின் முடியுரு நாடிகளிலே இத்தகைய புடைப்புகளைக் கண்டு எழுதி வைத்துள்ளார். பழையதென்றே நாம் எண்ணுகின்றோம். சின்னமுத்தும் செங்காய்ச்சலும் பெருகியிருந்த காலத்திலே, காய்ச்சலும் தடிப்புமாக வந்த இக்குழந்தைகளும் அவற்றின் கணக்கிலேயே எழுதப்பட்டிருத்தல் கூடும்.

எமது மகளின் குழந்தை பத்து மாதத்தினன். கொழும்பிலே மழை விட்டு நுளம்பு பெருகிய காலம். காய்ச்சல் என்றதும் யாவருக்கும் டெங்கு நினைவே வந்தது. குருதிச் சோதனை செய்தனர். டெங்கு இல்லை என்றனர். ஒரு மருந்து கொடுத்தனர். பின் அதனை மாற்றினர். காய்ச்சல் அசையவில்லை. நான்காம் நாள் கண் சிவந்தது; ஐந்தாம் நாள் உதடு வெடித்துக் குருதி கசிந்தது. பிள்ளை இரவு பகலாக வீறிட்டழுதான். யார் தூக்கினும் அடங்கவில்லை. மூன்றாவதாக நாம் நாடிய வைத்தியர் நடுத்தர வயதுடைய ஓர் அம்மையார். அவர் பிள்ளையின் கண்ணையும் வாயையும் பார்த்துவிட்டு, இடது தோளின் சட்டையை நீக்கினார். பிறந்தவுடன் இட்ட பி. சி. ஜி. ஊசித் தழும்பைச் சுற்றி, காசளவு வட்டமாகச் செக்கச் சிவந்து தடித்திருந்தது. நாம் எவரும் அதனைக் கவனித்திலோம். காசநோய்த் தடுப்பூசி இடும் நாடுகளிலே கைக்குழந்தைகளிடம் காணப்படும் இக்குறி, இந்நோய்க்கே பெரிதும் உரியது என்று பின்னர் அறிந்தோம். அன்றே பிள்ளையின் இருதயத்தை ஒலியலைக் கருவியாற் சோதித்தனர்.

எமது மகள் வைத்தியரை நோக்கி, "டொக்டர், இது எதனால் வந்தது? யாரிடமிருந்து தொற்றியது? நாங்கள் கொடுத்த எதனாலும் வந்ததா?" என்று கேட்டாள். அதற்கு அவர், "அம்மா, எதனால் வருகிறதென்று உலகத்தில் இன்னும் எவருக்கும் தெரியாது. நீங்கள் செய்த எதனாலும் அல்ல. என்ன செய்ய வேண்டுமென்பது எங்களுக்குத் தெரியும்," என்று விடையிறுத்தார். காரணம் தெரியாத நோய்க்குச் செய்ய வேண்டியது மாத்திரம் எங்ஙனம் தெரிந்தது என்னும் வியப்பே எம்மை இவ்வாராய்ச்சியிலே இழுத்துவிட்டது.

கொடுத்த மருந்து ஒரு பெரும் புதுமை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தானமாக ஈந்த குருதியினின்றும் பிறபொருளெதிரிகளைப் பிரித்துத் தூய்மை செய்து ஒன்றாகத் திரட்டிய காமாகுளோபுலின் என்னும் திரவம் அது. 1984 ஆம் ஆண்டிலே பூருஷோ என்னும் யப்பானிய வைத்தியரும் அவர் குழுவினரும் இதன் பயனை வெளியிட்டனர். 1986 ஆம் ஆண்டிலே அமெரிக்க வைத்தியசாலைகள் பல கூடிச் செய்த ஆய்வு அதனை உறுதி செய்தது. பிள்ளையின் நிறையிலே கிலோவுக்கு இரண்டு கிராம் வீதம், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் துளித்துளியாக நாளத்தினூடே செலுத்துவர். உடன் அஸ்பிரினும் கொடுப்பர். காய்ச்சல் கண்ட பத்து நாள்களுக்குள் இதனைக் கொடுத்தால், நால்வரில் ஒருவர்க்கு வந்த நாடிக்கேடு இருபதில் ஒருவர்க்கும் குறைவாகின்றது. எமது பேரனுக்கு ஏழாம் நாள் கொடுத்தனர். மறுநாட் காலை காய்ச்சல் இறங்கிற்று. முகமறியாத ஆயிரம் பேரின் குருதி எமது பிள்ளையின் உடம்பிலே ஓடிற்று என்பதை எண்ணுந்தோறும் மெய் சிலிர்க்கின்றது. இம்மருந்து விலை மிக உயர்ந்தது என்பதையும், இதனைக் காலத்திற் பெறவியலாத பெற்றோர் பலர் உளர் என்பதையும் இங்கே சொல்லாது விடுதல் தகாது.

இனி, காரணத்தைத் தேடிய கதைக்கு வருவோம்.

இது தொற்றுக்கிருமியால் விளைவது என்று ஆராய்ச்சியாளர் பெரும்பாலார் நம்புவதற்கு நல்ல நியாயங்கள் உள. காய்ச்சலும் தடிப்பும் நிணநீர்க்கணு வீக்கமும் தொற்றுநோயின் சாயலே. நோய் ஆண்டு முழுவதும் ஒரே அளவிற் காணப்படாது, பருவத்தோடு ஏறி இறங்குகின்றது. 1979, 1982, 1986 ஆகிய மூன்று ஆண்டுகளிலே யப்பானிற் பெரும் அலைகளாகப் பெருகிற்று. ஓரிடத்திற் கிளம்பி அயல் மாகாணங்களுக்குப் பரவிற்று. வயதுக் கணக்கு இன்னும் நுட்பமான சான்று. நோயுற்றோரிற் பெரும்பாலார் ஐந்து வயதுக்குட்பட்டோர். பிறந்து முதற் சில மாதங்களிலுள்ள சிசுக்களுக்கு இது அரிது. வளர்ந்தோர்க்கு மிக அரிது. தாய் வயிற்றிலே பெற்ற பிறபொருளெதிரி சில மாதங்கள் சிசுவைக் காக்கின்றது. அது தேய்ந்த பின்னர் நோய் பற்றுகின்றது. வளர்ந்தோர் யாவரும் எப்போதோ அக்கிருமியைச் சந்தித்து வென்றவர்களாயிருக்கின்றனர். அஃதாவது, கிருமி எங்கும் நிறைந்தது. பெரும்பாலார்க்கு ஒரு சளிக்காய்ச்சலளவே செய்து போவது. மிகச் சிலரிடம் மாத்திரமே இக்கொடுமையை விளைப்பது. இதுவே அவர்கள் வாதம். நோயுற்ற குழந்தையின் உடன்பிறந்தாருக்கு ஓராண்டுக்குள் நோய் வருமாயின், அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதற் பிள்ளை நோயுற்ற பத்து நாட்களுக்குள்ளேயே வந்தது என்னும் யப்பானியக் கணக்கும் இதற்குத் துணை நிற்கின்றது.

வழக்கு இவ்வளவு வலிதாயினும் குற்றவாளியைக் கூண்டில் ஏற்ற முடியவில்லை. ஏற்றப்பட்டோர் தொகை பெரிது. அவர்களுள் ஒருவரேனும் தண்டிக்கப்படவில்லை. 1970களிலே யப்பானிய அறிஞர் சிலர் நோயுற்ற இழையங்களிலே ரிக்கெட்சியா போன்ற உருவங்களைக் கண்டதாக அறிவித்தனர். பிறர் தேடியபோது அவை உறுதிப்படவில்லை. அமெரிக்காவிலே டென்வர் நகரில் நோயுற்ற குழந்தைகளின் வீடுகளை ஆராய்ந்தோர், அண்மையிலே நிலவிரிப்புக் கழுவிய வீடுகளே அவற்றுட் பல என்று 1982 ஆம் ஆண்டிலே கூறினர். நிலவிரிப்பையே காணாத வீடுகளிலும் நோய் வருவதை நாம் அறிவோம். வீட்டுத் தூசியிலே வாழும் சிற்றுண்ணிமீதும் பழி விழுந்தது. 1993 ஆம் ஆண்டிலே, நிர்ப்பீடனக் கலங்களைப் பெருந்தொகையாக வெறியூட்டி எழுப்பும் ஒருவகை நஞ்சைச் சுரக்கும் பற்றீரியங்கள், நோயுற்ற 16 குழந்தைகளுள் 13 பேரிடம் காணப்பட்டன. ஒப்புநோக்கிய 15 பேரில் ஒருவரிடம் மாத்திரமே காணப்பட்டன. இத்துடன் முடிந்தது என்று எண்ணியோர் பலர். பின்னர்ப் பல வைத்தியசாலைகள் கூடிப் பெருந்தொகையினரை ஆராய்ந்தபோது அவ்வேறுபாடு நிலைக்கவில்லை.

2005 ஆம் ஆண்டிலே நியூஹேவன் நகரிலே நிகழ்ந்தது இன்னும் சுவையுடையது. புதியதொரு கொரோனா வைரசின் சுவடு நோயுற்ற 11 பேரில் 8 பேரிடமும், ஏனைய 22 பேரில் ஒருவரிடமும் அகப்பட்டது. பிற நாட்டார் அதனைத் தேடினர். தம் குழந்தைகளிடம் அத்தகைய தொடர்பைக் கண்டிலர். பதினொருவர், பதினறுவர் போன்ற சிறு தொகைகளை வைத்துப் பெரு முடிவு கட்டுதலின் இடர் மாணவர் கற்க வேண்டிய பாடம். ஒருவரது ஆய்வைப் பிறரொருவர் பிறிதோரிடத்தே செய்து பார்த்து அதே முடிவைப் பெறும் வரைக்கும் விஞ்ஞானம் எதனையும் ஏற்பதில்லை என்பதை இவ்வழக்கினும் நன்கு காட்டும் வரலாறு வேறொன்றை நாம் அறியோம்.

கிருமியை ஏன் பிடிக்க முடியவில்லை? வாதக்காய்ச்சலை நினைத்துப் பார்த்தால் ஒருவாறு விளங்கும். எமது பள்ளிக் காலத்திலே மூட்டு வீங்கி இருதய வால்வு கெட்ட பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம். அதற்குக் காரணம் தொண்டையிலே தங்கும் ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் பற்றீரியம். தொண்டை நோ மாறி இரண்டு மூன்று வாரம் கழிந்த பின்னரே மூட்டும் இருதயமும் தாக்கப்படும். அப்போது தொண்டையைத் துடைத்துப் பார்த்தாற் பற்றீரியம் பெரும்பாலும் இராது. கள்வன் போன பின்னர், அவனைப் பிடிக்கப் புறப்பட்ட காவலாளர் இருட்டிலே வீட்டுக்காரரையே அடித்து நொறுக்கியது போன்ற நிலை அது. குருதியிலே எஞ்சிய பிறபொருளெதிரியைக் கொண்டே பற்றீரியத்தின் வரவை நிறுவினர். நிறுவியதனாற் பெனிசிலின் கொடுத்து இலட்சக்கணக்கானோரின் இருதயத்தைக் காக்கவும் முடிந்தது. கவாசாக்கி நோயிலும் கிருமி தன் வேலையை முடித்து மறைந்த பின்னரே நாம் வந்து தேடுகின்றோம் போலும். காரணத்தைத் தேடுதல் வெறும் அறிவு வேட்கையன்று என்பதற்கும் வாதக்காய்ச்சலே சான்று. காரணம் தெரிந்தால் நோய் வருமுன்னர்க் காக்கலாம். இன்று வந்த பின்னரே காக்கின்றோம், அதுவும் நாள் தவறாது வந்தால்.

மற்றொரு சிக்கல், இந்நோய் எல்லா இனத்தாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. யப்பானிலே 2018 ஆம் ஆண்டில் 17,000க்கு மேற்பட்ட குழந்தைகள் நோயுற்றனர். ஐந்து வயதுக்குட்பட்ட ஓர் இலட்சம் பேரில் 300க்கு மேல். அமெரிக்காவிலே அதே கணக்கு இருபதையொட்டியது. யப்பானின் மண்ணோ உணவோ காரணம் எனலாமோ என்றால், ஹவாயிலே தலைமுறைகளாக வாழும் யப்பானிய வழியினரின் பிள்ளைகளுக்கும் இலட்சத்துக்கு 200க்கு மேல். அதே தீவிலே வாழும் வெள்ளையரின் பிள்ளைகளுக்கோ 14 அளவே. எனவே பரம்பரையின் பங்கும் உண்டு. 2008 ஆம் ஆண்டிலே யப்பானிய அறிஞர்கள், நிர்ப்பீடனக் கலங்களின் எழுச்சியை அடக்கும் மரபணுவொன்றின் திரிபு இந்நோயோடு தொடர்புடையதெனக் காட்டினர். கிருமி விதையாயின் பரம்பரை நிலம். விதை ஒன்றோ பலவோ என்பதும் இன்று வழக்கிலுள்ள கேள்வியே. வெவ்வேறு கிருமிகள் ஒரே நிலத்திலே ஒரே பயிரை முளைப்பிக்கலாம் என்போரும் உளர்.

ஆராய்ச்சியாளர் சிலர் காற்றையும் சோதித்தனர். பார்சிலோனாவைச் சேர்ந்த சவியர் றோடோ என்பவரும், சன் டியேகோவைச் சேர்ந்த ஜேன் பேண்ஸ் என்னும் வைத்திய அம்மையாரும் பிறரும் கூடி, யப்பானிலே நோய் மிகுந்த நாட்களில் மேல்வானிலே வீசிய காற்று எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிக் கணித்தனர். வடகிழக்குச் சீனத்தின் தானிய வயல்கள் பரந்த நிலத்திலிருந்தே வந்தது என்று 2014 ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். ஆகாயவிமானத்திலே ஏறிக் காற்றை வடித்துப் பார்த்தபோது கன்டிடா என்னும் பூஞ்சணம் மிகுதியாகக் காணப்பட்டது. வயற் காற்றிலே ஏறிக் கடல் கடந்து வரும் ஏதோவொன்று தோக்கியோவின் குழந்தைக்கு இருதயநோய் தருகின்றது என்பது கதைபோலத் தோன்றினும், செய்த கணக்கு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் காற்றினும் அருகிலுள்ளதொன்றே எமக்குக் கூடிய நம்பிக்கை தருகின்றது. சிக்காகோவிலே ஆன் றௌலி என்னும் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும், இந்நோயால் இறந்த குழந்தைகளின் சுவாசக் குழாய்க் கலங்களினுள்ளே நுண்ணிய திரள்களைக் கண்டுள்ளனர். நோயுற்ற குழந்தைகளின் குருதியிலிருந்து ஆக்கிய பிறபொருளெதிரிகள் அத்திரள்களையே சென்று பற்றுகின்றன என 2020 ஆம் ஆண்டிலே அறிவித்தனர். மூச்சுவழி வரும் வைரசு ஒன்றன் எச்சமே அவை என்பது அவர்கள் கருத்து. அவ்வைரசு எதுவென்பதுதான் எஞ்சியுள்ளது.

அதே 2020 ஆம் ஆண்டு இயற்கையே ஒரு பரிசோதனையைச் செய்தது. கோவிட் தொற்று இத்தாலியின் பேர்காமோ மாகாணத்தைச் சூறையாடிய இரண்டு மாதங்களிலே, கவாசாக்கி நோயை ஒத்த அழற்சியோடு பத்துக் குழந்தைகள் அங்குள்ள வைத்தியசாலைக்கு வந்தனர். அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் வந்தோர் பத்தொன்பதின்மரே. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் அவ்வாறே நிகழ்ந்தது. நுணுகி நோக்கியோர் இது வேறு நோய் என்றனர். இக்குழந்தைகள் வயதில் மூத்தோர். வயிற்றுநோவும் இருதயத் தளர்ச்சியும் மிகுதி. தொற்றுக்கண்ட சில வாரங்களின் பின்னர் வந்தது. ஆயினும், வைரசு ஒன்று வந்து போன பின்னர்க் குழந்தையின் உடம்பு தன்னைத்தானே இவ்வாறு எரித்துக்கொள்ளும் என்பதை உலகம் கண்ணாற் கண்டது. மறுபுறத்திலே யப்பானிலோ, முகக்கவசம் அணிந்து, கை கழுவி, பள்ளிகளையும் மூடி மக்கள் விலகியிருந்த அவ்வாண்டிலே, உண்மையான கவாசாக்கி நோய் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. தொற்று வழிகளை அடைத்ததும் நோய் குறைந்ததென்றால், காரணம் மனிதரிடமிருந்து மனிதர்க்குச் செல்வது என்ற வாதத்துக்கு இதனினும் நல்ல சாட்சி வேண்டுமோ? பிள்ளைகள் வைத்தியரிடம் செல்வது குறைந்ததாற் கணக்குக் குறைந்திருக்கலாம் என்பாரும் உளர். ஐந்து நாட் காய்ச்சலோடு வீறிட்டழும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் தாயை நாம் கண்டதில்லை.

எமது பேரனின் விரல் நுனிகளிலே மூன்றாம் வாரம் தோல் உரிந்தது. அதுவும் இந்நோயின் குறியே. ஆறு வாரத்தின் பின் எடுத்த ஒலியலைப் படத்திலே நாடிகள் பழுதின்றி இருந்தன. ஐந்து நாள் விடாத காய்ச்சல், அதனோடு சிவந்த கண், வெடித்த உதடு, வீங்கிய கைகால், சிவந்த ஊசித்தழும்பு ஆகியவற்றைக் குழந்தையிடம் காணும் பழைய மாணவர், பத்தாம் நாளுக்குக் காத்திராது குழந்தை வைத்தியரை நாடி, கவாசாக்கி நோயோ என்று பெயர் சொல்லியே கேட்பாராக. கேட்பதால் எந்த வைத்தியரும் குறை கொள்ளார்.

தொமிசாக்கு கவாசாக்கி ஓய்வு பெற்ற பின்னரும் இந்நோய்க்கென ஆராய்ச்சி நிலையமொன்றை நடத்தி, கலங்கிய பெற்றோர்க்கு விடை கூறியும் காரணத்தைத் தேடுவோரை ஊக்கியும் வந்தார். 2020 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, தமது தொண்ணூற்றைந்தாம் வயதிலே காலமானார். அவ்வாண்டிலே தம் நாட்டுக் குழந்தைகளிடம் நோய் குறைந்த கணக்கு, அவர் மறைந்த பின்னரே வெளிவந்தது.